கடல் வற்றிய மதியம்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கடல் வந்துவிடும். ஆனால் அதில் கால் நனைக்க வேண்டுமென்றால் நாங்கள் மெரினாவுக்குத்தான் பேருந்து ஏற வேண்டும். துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதும், வடக்கே கடல் கரையைத் தின்றதும் பழைய கதை. அந்த அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கடலைப் பார்த்து வளர்கிறார்கள். அப்பாவின் கதை இன்னும் விசித்திரமானது. சென்னைத் துறைமுகத்தில் 31 ஆண்டுகள் கிரேன் இயக்கிய அவர், அந்தமானுக்குப் புறப்படும் நான்கௌரி, அக்பர் போன்ற கப்பல்களில் தகரப்பெட்டிகளோடு ஆட்கள் ஏறுவதை மேலிருந்து பார்த்தாரே ஒழிய, ஒருமுறைகூட அவற்றில் ஏறியதில்லை.

எனவே இந்த ஜனவரிக் கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போவதென்று முடிவானபோது கப்பலில்தான் போக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். மகளுக்குக் கிடைத்த விடுப்பு அதற்குப் போதாது. விமானத்தில் இரண்டே கால் மணி நேரத்தில் இறங்கியதில் அவருக்கு இன்றுவரை மனக்குறை உண்டு. போர்ட் பிளேர் இப்போது ஸ்ரீ விஜயபுரம், நீல் தீவு 2018 முதல் ஷஹீத் துவீப். ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை நாங்கள் பேசிய அனைவரும் 'நீல்' என்றே சொன்னதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

நீலில் முதல் நாள் காலை ஆறு மணிக்கே வெயில் முகத்தில் அடித்து எங்களை எழுப்பியது. சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டு பாகைக்கு மேல் தள்ளி இருந்தும் கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரத்தைக் காட்டுவதால், அங்கே சூரியன் நமக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் முன்னதாக உதித்து, அதே கணக்கில் முன்னதாக மறைந்தும் விடுகிறது. பயண ஏற்பாட்டாளர் அச்சிட்டுக் கொடுத்த தாளில், ஒன்பது மணிக்கு 'இயற்கைப் பாலம்' என்று போட்டிருந்தது. கடலரிப்பால் உருவான பாறை வளைவு அது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தீவாகையால் உள்ளூரில் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர்.

ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் பாறைகளின் மேல் அலை புரண்டுகொண்டிருந்தது. இறங்க வழியே இல்லை. எங்கள் ஆட்டோக்காரருக்கு வங்காளமும் இந்தியும், அப்பாவுக்குத் தமிழ் மட்டும். ஆட்டோக்காரர் உள்ளங்கையை மார்பு உயரத்தில் வைத்து மெல்ல முழங்கால் வரை இறக்கிக் காட்டினார். பிறகு இரண்டு விரல்களை நீட்டினார். அப்பா உடனே தலையாட்டிவிட்டு எங்களிடம் திரும்பி, "ரெண்டு மணிக்கு வத்தும். தைப்பூசத்துக்கு ரெண்டு நாள்தானே இருக்கு, நல்லாவே வத்தும்" என்றார். முழுநிலவு நெருங்க நெருங்க ஏற்றமும் வற்றமும் பெரிதாகும் என்பது கிரேன் மேலிருந்து கப்பல்கள் உயர்ந்து தாழ்வதைப் பார்த்தவருக்குத் தெரிந்திருந்தது. தாளை அச்சிட்டவருக்குத் தெரியவில்லை.

இடைப்பட்ட நேரத்தில் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடித் தளப் படகில் போனோம். கண்ணாடி முழுக்கக் கீறல். கொடுத்த காசுக்குப் பச்சை நிறத் தண்ணீரைத்தான் பார்த்தோம். மதியம் கடுகு அரைத்து ஊற்றிய மீன் குழம்பு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, மீன் நல்ல மீன்தான், புளிதான் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

இரண்டு மணிக்கு மறுபடி போனபோது காலையில் பார்த்த கடல் அங்கே இல்லை. "தாத்தா, கடல் எங்க போச்சு?" என்று மகள் கேட்டாள். வளைவுக்கு அப்பாலும் நெடுந்தூரம் பாறைத்தளம் வெளியே தெரிந்தது. அதில் குழிகுழியாகத் தேங்கிய நீரில் நகத்தளவு நீல மீன்கள், கறுத்த கடல் அட்டைகள், சிறு நண்டுகள். ரப்பர் செருப்போடு வந்த அம்மா இரண்டு முறை வழுக்கி, என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் பட்டை வைத்த காலணி இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

ஒரு குழியில், பாறைக்குள் பதிந்த பெரிய மட்டி ஒன்று ஓட்டைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே நெளிநெளியாக, மயில் கழுத்து நீலத்தில் சதை. பார்க்கக் குனிந்த அப்பாவின் நிழல் அதன் மேல் விழுந்ததும் சட்டென்று மூடிக்கொண்டது. அவர் பின்வாங்கினார், சற்று நேரத்தில் அது திறந்தது. மீண்டும் குனிந்தார், மூடிக்கொண்டது. எழுபதைத் தாண்டிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் நீரில் நின்று, பேத்தியோடு சேர்ந்து ஒரு மட்டியுடன் கால் மணி நேரம் விளையாடினார். உடைந்து கிடந்த பவளத்துண்டு ஒன்றை மகள் பையில் போட்டுக்கொண்டபோது ஆட்டோக்காரர் விரலை ஆட்டினார். செத்த பவளமானாலும் எடுத்துச் செல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். அதற்குள் குழிகளுக்கிடையே நீர் ஓடத் தொடங்கியிருந்தது. எங்களைக் கரைக்குக் கிளப்பியது அப்பாதான்.

ஐந்து மணிக்கு லட்சுமண்பூர் கடற்கரை. கடலில் உதிக்கும் சூரியனை மட்டுமே அறிந்த எங்களுக்கு, அது கடலுக்குள் இறங்குவதைப் பார்ப்பது ஏதோ திருப்பி ஓட்டிய படம் போலிருந்தது. ஐந்தே காலுக்கெல்லாம் மறைந்துவிட்டது. அப்பா மேற்கே கை நீட்டி, அந்தப் பக்கம்தான் நம் வீடு என்று பேத்திக்குக் காட்டினார். அவள் நம்பவில்லை. உடனே கைப்பேசியை எடுத்துச் சிக்னல் தேடி மணலில் அங்குமிங்கும் நடந்து, ஒரு தென்னைமரத்தடியில் நின்று, அவரோடு வேலை பார்த்த திருவொற்றியூர் நண்பரை அழைத்தார்.

"இங்க பொழுது சாஞ்சிடுச்சு. அங்க இன்னும் வெயில் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்கச் சொல்லிக் கைப்பேசியை அவள் காதில் வைத்தார்.