நார் எல்லாம் ஒரே நார் இல்லை

செடித் தண்டை மெல்லிசாகச் சீவி, அதிலுள்ள 3 எளிய திசுக்களை (ஒரே வகை செல்லால் ஆனவை) மைக்ராஸ்கோப்பில் பார்க்க உட்கார்ந்து இது மூன்றாவது ஞாயிறு. போன 2 வாரமும் பிளேடில் விரலைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம். இந்த முறை கொல்லையில் படர்ந்திருக்கும் பூசணிக்கொடியில் ஒரு துண்டு நறுக்கி, பிளந்த கேரட்டுக்கு நடுவே செருகிச் சீவினேன். 30 சீவலில் 4 தேறியது.

முதல் சீவலை சாஃப்ரனின் சாயத்தில் 10 நிமிடம் விட்டுவிட்டேன். எல்லாமே குங்குமச் சிவப்பு, எதையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அடுத்ததை ஒரே நிமிடத்தில் எடுத்து ஸ்பிரிட்டில் அலசினேன். இப்போது தண்டைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் சிவப்பாக நின்றது. அதுதான் ஸ்கிளிரன்கைமா, தண்டை விறைப்பாக நிறுத்தும் திசு. செல்லின் சுவரில் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் ஏறியிருப்பதால் சாயத்தை லேசில் விடாது. முதிர்ந்தபின் உள்ளே உயிர் கிடையாது, வெறும் பொந்து. அதற்கு உள்பக்கம் மெல்லிய சுவருள்ள பெரிய பெரிய செல்கள், இடையிடையே காற்றுச் சந்து. அது பாரன்கைமா, இரண்டாவது எளிய திசு. அதைப் பார்க்கத் தக்காளிச் சதையே போதும்.

என்னை உட்கார வைத்தது மூன்றாவதான கோலன்கைமாதான். பூசணித் தண்டில் 5 மேடு, 5 பள்ளம். மேட்டுத் தோலுக்கு அடியில் செல்களின் மூலைகள் மட்டும் தடித்து மினுமினுத்தன. அந்தத் தடிப்பு செல்லுலோஸும் பெக்டினும். லிக்னின் இல்லாததால் அலசியதும் சிவப்பு போய்விட்டது. செல்லும் உயிரோடு இருக்கிறது, தண்டு நீள நீளத் தானும் நீள்கிறது. இளங்கொடி வளைந்தாலும் சட்டென்று முறியாததில் இதற்குப் பெரிய பங்கு.

முற்றத்தில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவையும் எட்டிப் பார்க்கச் சொன்னேன். "இதுல என்னப்பா இருக்கு? நாரை உரிச்சுட்டுச் சமைக்க வேண்டியதுதானே" என்றார். அவருக்குக் கீரைத்தண்டில் உரிப்பதும் நார், கயிறு திரிப்பதும் நார். சரி என்று தேங்காய் நாரிலும் ஓர் இழையைப் பிரித்து வைத்தேன். அலசியும் சிவப்பு போகவில்லை. அது அசல் ஸ்கிளிரன்கைமா. கொய்யாப் பழத்தில் பல்லில் நறநறக்கும் கல் செல்களும் இதே இனம், நார் மாதிரி நீளாமல் கட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

ஏமாந்தது தாமரைத் தண்டில். ஒடித்தால் இழுபடும் நூலையும் இந்தக் கணக்கில் சேர்த்திருந்தேன். லென்ஸில் பார்த்தால் சுருள் சுருளாகப் பிரிகிறது! அது நீர் கடத்தும் சைலத்தின் சுவர்த் தடிப்பு. சைலம் பல வகை செல்கள் சேர்ந்த கூட்டுத் திசு, எளிய திசுவே இல்லை. நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

அடுத்தது, அப்பத்தா கொட்டான் முடைய வைத்திருக்கும் பனை ஓலை. நேற்று ஒரு கீற்றைச் சீவியதில் பிளேடுதான் மழுங்கியது. இன்னொன்று தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.