உவரிக் கருமணலும் ஒரு குருவானவரின் ஆய்வும்

உவரிக் கடற்கரையில் அலை உள்வாங்கியபின் மணல்மேல் கருங்கோடுகள் படிந்திருப்பதை எங்கள் திருநெல்வேலிச் சீமையில் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த மணலில் ஒரு கை அள்ளி, உருப்பெருக்குக் கண்ணாடியால் நோக்கினால், வெண்ணிறக் குவார்ட்ஸ் மணிகளுக்கும் இளஞ்சிவப்புக் கார்னெட் மணிகளுக்கும் இடையே உலோகப் பளபளப்புடன் கரிய மணிகள் தெரியும். அவை இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இல்மனைட். வலுவான காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மிக அருகில் கொண்டுசென்றால் அவற்றில் பல வந்து ஒட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் குருவானவர் வில்லியம் கிரிகோர், மனாக்கன் ஊர் ஓடையில் கிடைத்த இதே வகைக் கருமணலைப் பகுத்து, 1791-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். காந்தம் அதை இழுத்ததால் இரும்பு உண்டு என்பது வெளிப்படை. ஆனால் இரும்பு ஆக்சைடையும் சிறிதளவு சிலிக்காவையும் கணக்கிட்ட பின்னரும், நூற்றுக்கு ஏறத்தாழ 45 பங்கு, அக்காலத்தில் அறியப்பட்டிருந்த எந்த உலோகத்துக்கும் பொருந்தாத செம்பழுப்பு ஆக்சைடாக எஞ்சியது. அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தபோது மஞ்சள் கரைசல் கிடைத்தது; அதில் துத்தநாகத்தையோ வெள்ளீயத்தையோ இரும்பையோ இட்டபோது கரைசல் ஊதா நிறமாக மாறியது. நான்கு நேர்மின்சுமை கொண்ட டைட்டானியம் அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்று மூன்று நேர்மின்சுமை கொண்டதாக ஒடுங்குவதே இந்நிறத்துக்குக் காரணம் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எலக்ட்ரான் என்ற கருத்தே இல்லாத காலத்தில், நிறத்தையும் தராசையும் மட்டும் நம்பி, இது புதிய உலோகம் என்று எழுதிய அவருடைய துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது அவர் கணக்கின் கடைசி வரியை. நூற்றில் ஏறத்தாழ 5 பங்கு ஆய்வில் இழப்பாயிற்று என்பதை அவர் மறைக்காமல் பதிவு செய்தார். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு உப்பைப் பகுத்தறியும் நம் மாணவர்களுக்கு இந்த வரியைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

1795-ல் பெர்லின் வேதியியலாளர் கிளாப்ரோத், ஹங்கேரியிலிருந்து வந்த ரூட்டைல் கனிமத்தில் ஓர் உலோக ஆக்சைடைக் கண்டு டைட்டானியம் என்று பெயரிட்டார். கிரிகோர் கண்டதும் அதுவே என்று சில ஆண்டுகளில் உறுதிப்படுத்தினார். ஆயினும் உலோகம் கைக்கு வரவில்லை. சூடான டைட்டானியம் கார்பனோடும் நைட்ரஜனோடும் உடனே சேர்ந்துவிடும் இயல்புடையது. எனவே இரும்புத்தாதுவைப் போல் கரியிட்டு உருக்கினால் தூய உலோகம் கிடைக்காது. 1822-ல் இரும்பு உலைக் கசடில் கிடைத்த செம்பு நிறக் கனசதுரங்களை ஆங்கில வேதியியலாளர் வொல்லஸ்டன் டைட்டானியம் உலோகம் என்றே கருதினார். அவற்றில் நைட்ரஜனும் கார்பனும் கலந்திருப்பதை 1849-ல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் காட்டினார். 1910-ல்தான் அமெரிக்காவில் மேத்யூ ஹன்ட்டர், ஈரக்காற்றுப் பட்டதும் வெண்புகை கிளப்பும் டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவத்தைச் சோடியத்துடன் காற்றுப் புகாத எஃகுக் கலத்தில் அடைத்துச் சூடேற்றி, கிட்டத்தட்டத் தூய உலோகத்தைப் பிரித்தெடுத்தார்.