இமைக்கு முன் நெற்றியைப் பார்க்க வேண்டும்

இமை தொய்ந்து வருகிறவர்களில் பலர் இமையைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். "சாயந்தரமானால் நெற்றி வலிக்குது", "பேப்பர் படிக்க உட்கார்ந்தா கண்ணு சொருகுது", "ராத்திரி தூங்கலையான்னு ஆபீஸ்ல கேட்கிறாங்க" என்றுதான் தொடங்குவார்கள். சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்திலிருந்து கண் பிரிவுக்கு வரும் கடிதத்திலும் தலைவலி என்று எழுதியிருப்பதுண்டு. அதில் பிழையில்லை. இமை இறங்கினால் நெற்றித் தசை புருவத்தைத் தூக்கி ஈடுகட்டும். நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டிருந்தால் நெற்றி வலிக்காமல் என்ன செய்யும்? ஒருவர் அறைக்குள் வந்து உட்காரும்போதே ஒரு பக்கப் புருவம் மட்டும் ஏறி, அந்தப் பக்கத்துச் சுருக்கம் மட்டும் ஆழமாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அளவெடுக்க ஒரு சின்ன டார்ச்சும் மில்லிமீட்டர் அளவுகோலும் போதும். நேராகப் பார்க்கச் சொன்னால் டார்ச் வெளிச்சம் கண்மணியின் நடுவே புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை 4 முதல் 5 மி.மீ. இருப்பது இயல்பு. அது 2 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் மேல்பக்கப் பார்வை மறையத் தொடங்கியிருக்கும். அடுத்து, இமையைத் தூக்கும் தசையின் வலு. புருவத்தைக் கட்டைவிரலால் எலும்போடு சேர்த்து அழுத்திப் பிடித்து, முதலில் கீழே, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, இமை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று அளப்போம். 12 மி.மீ.க்கு மேல் என்றால் தசை நன்றாக இருக்கிறது. 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் மிகவும் பலவீனம். தப்பு நடப்பது அந்தக் கட்டைவிரலில்தான். வேலைக்குப் புதியவர்கள், வலிக்குமோ என்று லேசாகப் பிடிப்பார்கள். உடனே நெற்றி உதவிக்கு வந்துவிடும். பலவீனமான தசை நல்ல தசையாகப் பதிவாகும்; அதை நம்பித் தேர்ந்தெடுக்கும் அறுவை முறையும் தப்பாகிப் போகும்.

பெரியவர்களிடம் அதிகம் பார்ப்பது தசைக் கோளாறு அல்ல. தசையை இமையோடு இணைக்கும் மெல்லிய நாண் நெகிழ்ந்திருக்கும், அவ்வளவுதான். தூண்கள் உறுதியாக நிற்க, நடுவே கொடிக்கயிறு மட்டும் தொய்ந்தது போல. வயது, கண்புரை அறுவை, ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கம் எல்லாம் இதற்குக் காரணம். கான்டாக்ட் லென்ஸும் ஒரு காரணம். கிட்டப்பார்வை மலிந்த சிங்கப்பூரில் பள்ளி நாளிலேயே லென்ஸ் போட ஆரம்பித்தவர்கள், கழற்றும்போதெல்லாம் இமையை இழுத்திழுத்து, நடுவயதுக்கு முன்பே வந்து நிற்கிறார்கள். நாண் விட்டுப்போன இமையில் மடிப்புக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறியிருக்கும். நம்மவர் முகத்தில் அது தெளிவாகத் தெரியும். மடிப்பே இல்லாத சீன முகங்களில் அந்த அடையாளம் கைகொடுக்காது.

சிலருக்கு இமை சரியான இடத்திலேயே இருக்கும், மேலே தோல்தான் சரிந்து தொங்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் தோலை மெல்லத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

எப்போதிலிருந்து என்ற கேள்விக்கு வாயால் வரும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. "ஆண்டி, ஐசி இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது. 30 வயதிலும் 55 வயதிலும் இங்கே படம் போட்ட அந்த அடையாள அட்டையை மாற்றுகிறோம் அல்லவா? பத்து வருடத்துக்கு முந்தைய படத்திலேயே இமை இறங்கியிருந்தால் அவசரமில்லை.

நேற்றுவரை இல்லாதது இன்று வந்தால்தான் பயப்பட வேண்டும். இமை திடீரென்று மூடி, கண் வெளிப்பக்கம் விலகி, கண்மணி பெரிதாகி, தலையும் வலித்தால் மூளை ரத்தக்குழாய் வீங்கி, கண்ணையும் இமையையும் அசைக்கும் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவாலும் அந்த நரம்பு பாதிக்கப்படும்; அப்போது கண்மணி பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் "சர்க்கரைதான் காரணம்" என்று வீட்டிலிருந்தபடி முடிவுகட்டுவது ஆபத்து. இமை லேசாக மட்டும் இறங்கி, கண்மணி சிறுத்து, கழுத்தும் வலித்தால் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருக்கக்கூடும். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

காலையில் சரியாக இருந்து மாலையில் இறங்கினால், இரட்டையாகத் தெரிந்தால், மயஸ்தீனியா என்ற நரம்பு-தசை நோயை நினைக்க வேண்டும். கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு, மூடிய இமைமேல் 2 நிமிடம் வைத்து எடுத்து, உடனே அளப்போம். 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்தால் சந்தேகம் வலுக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் இமை மறுபடி இறங்கிவிடும். அளவுகோல் கையிலேயே இருக்க வேண்டும். உயரவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றாகிவிடாது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் கண் பிரிவில் உட்கார வைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

அறுவைக்கு முன் விடக்கூடாத சோதனை இன்னொன்று. தொய்ந்த இமையை விரலால் தூக்கிப் பிடித்து மறு கண்ணைப் பார்ப்பது. இரண்டு இமைக்கும் மூளை ஒரே அளவு கட்டளைதான் அனுப்புகிறது. ஒன்றைத் தூக்கியதும் நல்ல கண் இறங்கினால், அங்கேயும் மறைந்திருக்கும் தொய்வு உண்டு. முன்கூட்டியே சொல்லாவிட்டால், "நல்லா இருந்த கண்ணையும் கெடுத்துட்டீங்க" என்ற வருத்தம் நியாயமாகவே வரும். கண் வறட்சியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்; உயர்த்திய இமை தூக்கத்தில் முழுதாக மூடாமல் போனால் வறட்சி கூடும்.

அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க முடியாது. பார்வை மறைகிறது என்று காட்ட, இமையை டேப்பால் தூக்கி ஒட்டி ஒரு முறை, ஒட்டாமல் ஒரு முறை, கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளக்கும் பார்வைப்புலச் சோதனை செய்வதுண்டு.

நாணை இறுக்கும் அறுவையைப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே நடத்துகிறார்கள். நடுவில் எழுப்பி உட்கார வைத்து உயரம் பார்ப்பார்கள்; படுத்த நிலையில் இமை ஏமாற்றும். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். வீக்கம் வடியும்போது வீட்டில் உள்ளவர்கள், "புருவம் கீழே இறங்கிட்ட மாதிரி இருக்கே" என்று கலங்கிக் கேட்பார்கள். இத்தனை வருடமாகத் தூக்கிப் பிடித்திருந்த நெற்றி இப்போதுதான் ஓய்வெடுக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்போம்.