நம்பரை மறைத்தால் எப்படி?

பாட்டி ஒருவர் கொடுத்த சிவப்பு ஐசியை, அதாவது மலேசியாவில் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் அடையாள அட்டையை, எங்கள் கண்காட்சியில் வைக்காமல் விட்டது சரியான முடிவுதான். இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன், யாரும் மறுத்ததில்லை. ஆனால் யாரும் கேட்காதபோதே நானாகத்தான் இந்தப் பேச்சை எடுக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டவர்களிடம் பழைய பொருள்களைச் சேகரிப்பது, பேச வைத்துப் பதிவு செய்வது, கடைசியில் மண்டபத்தில் ஒரு கண்காட்சி. இதுதான் எங்கள் திட்டம். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மரம் சீவும் உளி, பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி சுமக்கும் காண்டா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் என்று வீட்டுக்கு ஒன்றாவது வந்துவிடும். அந்தப் பாட்டியும் முதலில் உளியைத்தான் கொடுத்தார். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்ட உளி. பட்டையை எவ்வளவு மெல்லிசாகச் சீவ வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் பட்டு அங்கே முண்டு கட்டிவிடும் என்றெல்லாம் காற்றிலேயே வெட்டிக் காட்டினார். நல்ல பதிவு அது.

எழுந்து கிளம்பும்போதுதான் இடுப்பிலிருந்து நகைக்கடையில் கொடுக்கும் சின்ன ஜிப் பர்ஸை எடுத்தார். கிளினிக் அட்டை, நான்காக மடித்த பழைய ரசீதுகள், அவற்றுக்கு நடுவில் சிவப்பு ஐசி.

"இத எல்லாரும் பாப்பாங்களா தம்பி?"

"பார்ப்பாங்க பாட்டி."

"பெரிய ஆளுங்க?"

"திறப்பு விழாவுக்கு வர்றாங்க."

"அப்ப இதையும் வை."

வைக்கலாம், ஆனால் பெயரையும் நம்பரையும் மறைத்துவிட்டுத்தான் வைக்க முடியும் என்றேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒரு ஐசி நம்பர் கிடைத்தால் போதும், ஆலோங் என்கிற வட்டி முதலைகளிடம் கடன்கூட வாங்கிவிடுகிறார்கள் என்று விளக்கினேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "நம்பர மறைச்சிட்டா அது என்னுதுன்னு எப்படி தெரியும்?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது பதிவில் இருக்கிறது, கருவியை அணைக்க மறந்திருந்தேன். "கீழே விளக்கம் எழுதிடுவோம் பாட்டி." அவ்வளவுதான். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்த விளக்கத்தை எழுதுவது எனக்குக் கடினமே இல்லை. எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கடினமாக இருக்காது. 1957 ஆகஸ்ட் 31க்கு முன் தோட்டத்தில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களுக்கு மலாய் மொழி நிபந்தனைகூட இல்லை. பாட்டியின் அப்பாவோ எப்படியும் ஊருக்குத் திரும்பப் போகிறோம், இந்தக் காகிதம் எதற்கு என்று இருந்துவிட்டார். தொழிலாளர் லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. பாட்டியின் சித்தப்பா குடும்பம் போனது. இவர் போகவில்லை. பிள்ளைகள் எல்லாருக்கும் நீல ஐசி, அம்மாவுக்கு மட்டும் சிவப்பு. ஓட்டு கிடையாது, அரசாங்க உதவித்தொகை கிடையாது. 2018இல் அறுபது வயதைக் கடந்த சிவப்பு ஐசி இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக அறிவிப்பு வந்ததே, அதை வானொலியில் கேட்டுவிட்டுப் புதுச் சேலை எடுத்தாராம். அவருடைய மனு எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, மகனுக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் நடந்தது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊரில். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் ஜனங்கள் நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தவருடைய தொகுதி இது. அவருக்கு ஒரு தனிப் பலகை வைத்தோம். அதன் பக்கத்தில் ஒரு சிவப்பு ஐசி இருந்திருந்தால் அவருக்கு அது குறையாக இருந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு வேறு மாதிரி தோன்றியது.

எங்கள் வடிவமைப்பாளர் படிப்பு முடித்துப் புதிதாக வந்த பெண். நேராகவே கேட்டார். "பாட்டியே வைக்கச் சொல்றாங்க. வேணாம்னு சொல்ல நாம யாருண்ணே?"

எனக்கு அப்போது பதில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பாட்டி சம்மதித்தது கண்காட்சிக்கு அல்ல. பெரிய ஆள் யாராவது பார்ப்பார், நம்பரைக் குறித்துக்கொள்வார், காரியம் நடக்கும் என்ற எண்ணத்தில் கொடுத்தார். நடக்காது என்று நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கிச் சுவரில் மாட்டினால், அவருடைய நம்பிக்கையை வைத்து நாம் ஒரு நல்ல பலகை செய்துகொண்டோம் என்றுதான் அர்த்தம். வருகிறவர்கள் முன்னால் நின்று உச்சுக்கொட்டுவார்கள், படம் எடுப்பார்கள், பக்கத்துப் பலகைக்குப் போவார்கள். கண்காட்சி என்ன மனு வாங்கும் முகப்பா?

இது நியாயமான வாதம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு மானியம் கொடுத்தவர்கள் ஆரம்பத்திலேயே, சர்ச்சைக்குரியது எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த வரிக்காக நான் இந்த முடிவை எடுக்கவில்லை. ஆனால் முடிவு எடுத்த பிறகு அந்த வரி ஞாபகம் வந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று அந்தப் பெண் என்னை ஒருதடவை கேட்டார். வரிசை இதுதான் என்று சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை.

அவர் கேட்டதிலேயே எனக்கு அதிகம் உறைத்தது வேறு ஒன்று. சுங்கை சிப்புட் என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு 1948தான். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர், பின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசன், இயன் கிறிஸ்டியன் என்று மூன்று துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். அது முடிய 1960 ஆனது. அந்தப் பலகையை நான்தான் எழுதினேன், மூன்று பெயரையும் எழுத்துப் பிழை வராமல் சரிபார்த்துப் போட்டேன். அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு, "துரைங்க மூணு பேருக்கும் முழுப் பேர் இருக்கு. பால்வெட்டினவங்க எல்லாம் 'ஒரு தொழிலாளி', 'ஒரு மூதாட்டி'" என்றார்.

உண்மைதான். ஆனால் துரைகள் இறந்துபோனவர்கள், வரலாற்றில் பதிவானவர்கள். பாட்டி இருக்கிறார், பக்கத்துத் தாமானில் குடியிருக்கிறார், நாளைக்கு அவர் பெயரால் ஏதாவது மோசடி நடந்தால் யார் போய் நிற்பது? உயிரோடு இருப்பவர்களின் விவரத்தைக் காப்பது இந்த வேலையில் அரிச்சுவடி. இதையும் சொன்னேன். சொல்லும்போதே, இந்த ஒழுங்கின்படி பார்த்தால் நம் ஆட்களுக்குச் செத்த பிறகுதான் சுவரில் பெயர் வரும் என்பதும் புரிந்தது. அதுவரை மங்கும் உளியும் போதும்.

சரி, உளியை வைத்தோம். கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு.

திறப்பு விழாவில் பிரமுகர் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, உளியைக் கையில் எடுத்து, படம் எடுத்துக்கொண்டார். தலைகீழாகத்தான் பிடித்தார், யாரும் திருத்தவில்லை. பாட்டி பக்கத்தில் நின்றிருந்தார். இது உங்களுடையதா என்று பிரமுகர் மலாயில் கேட்க, பாட்டி தன் பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், ஆமாம் என்றார். சொல்லிக்கொண்டே பர்ஸைத் திறந்து ஐசியை எடுத்து நீட்டிவிட்டார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரமுகர் பார்த்தார், சிரித்தார், பின்னால் திரும்பி உதவியாளரிடம் ஏதோ சொன்னார். உதவியாளர் தன் கைப்பேசியில் ஐசியை முன்னும் பின்னுமாகப் படம் எடுத்துக்கொண்டார். பெயர், நம்பர் எல்லாம் சேர்த்து. நான் மூன்றடி தள்ளி நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதனால் நான் சொன்னதுதான் நடந்தது, கண்காட்சியால் காரியம் ஆகாது என்று நான் வாதிடலாம். வாதிட்டும் இருக்கிறேன். அந்தப் பெண் இதையே திருப்பிப் போடுகிறார். ஐசி சுவரில் பெரிதாக, விளக்கத்தோடு இருந்திருந்தால் பிரமுகர் அதன் முன் நின்று நாலு பேர் முன்னிலையில் ஏதாவது சொல்லியே ஆகவேண்டியிருக்கும், கையில் நீட்டியதால்தான் ஒரு படத்தோடு போய்விட்டது என்கிறார். இருக்கலாம். அப்படிப்பட்ட மேடைகளில் சொன்ன வார்த்தைகளுக்கு என்ன ஆனது என்று அவருக்கு வயது போதாததால் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு வயது கூடிவிட்டதால்தான் முயன்றுகூடப் பார்க்கவில்லையோ என்றும் சில நாள் நினைப்பு வரும்.

பாட்டி என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், விளக்கம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். போன வாரம் மகனின் போனிலிருந்து அழைத்தார். உளியைத் திருப்பிக் கேட்கத்தான் என்று நினைத்தேன். "உளிய நீயே வெச்சிக்க தம்பி. அன்னைக்கு படம் புடிச்ச ஆளு பேரு என்ன?" என்றார். எனக்குத் தெரியவில்லை. விழாப் பட்டியலில் தேடி, பிரமுகரின் அலுவலக எண்ணைக் கண்டுபிடித்து, மகனின் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) அனுப்பினேன். காலையில் பத்து மணிக்கு மேல் கூப்பிடச் சொன்னேன். போகும்போது நானும் கூட வரவா என்று கேட்டதற்கு, "நீ எதுக்கு, அவன்கிட்டதான் என் நம்பர் இருக்கே" என்று சொல்லி வைத்துவிட்டார்.