மைனரின் பின் ஆக்சிலில் பல் எண்ணிய கதை

கோத்தகிரியில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்பது 1963ஆம் வருட மாரிஸ் மைனர் கார். போன மழைக்காலத்தில் பின்பக்கம் ஊளைச் சத்தம் ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரில் கால் வைத்தால் ஊளை, எடுத்தால் அடங்கும். கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டது, செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்றார், குன்னூரில் பழைய வண்டிகள் பார்க்கும் மெக்கானிக் அண்ணன். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி அது: ஷாஃப்ட் சுற்றும் சின்னது பினியன், அது சுற்றும் பெரியது கிரவுன். கோவையில் உதிரிபாகம் விற்பவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஒன்பதுக்கு முப்பத்தெட்டா, ஒன்பதுக்கு நாற்பத்தொன்றா?"

பினியனில் 9 பல், கிரவுனில் 38 என்றால் விகிதம் 4.22, அதாவது கிரவுன் ஒரு சுற்று வர ஷாஃப்ட் 4.22 சுற்று வர வேண்டும். 1098 சிசி எஞ்சினோடு வந்த மைனர்களுக்கு அதுதான். அதற்கு முந்தைய 948 சிசி வண்டிகளில் 9/41, அதாவது 4.55; விகிதம் கூடினால் இழுவையும் கூடும். என்னுடையது 1098. புத்தகப்படி 38 என்று சொல்லிவிடலாம். ஆனால் அறுபது வருடம் மலையில் ஓடி, பல கை மாறிய வண்டி. ஏற்றத்தில் இழுவை வேண்டும் என்று யாராவது பழைய மைனரின் ஹவுசிங்கை, அதாவது இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும் பின் ஆக்சில் கூட்டை, மாட்டியிருந்தால்? சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. ஸ்பீடோமீட்டர் 54 காட்டும்போது போனில் வேகம் 50தான். மீட்டர் கேபிள் கியர்பாக்ஸின் பின்முனையிலிருந்து வருகிறது. 38க்குக் கணக்கான மீட்டர், பின்னால் 41 இருந்தால், ஏறக்குறைய எட்டு சதவீதம் கூட்டித்தான் காட்டும். அதற்காகப் பழைய மீட்டரை மட்டும் நம்பிப் பணம் கட்ட மனம் வரவில்லை.

திறந்து பார்க்கலாமே என்றால், மைனரின் ஹவுசிங்கில் பின்மூடி கிடையாது. இரண்டு ஆக்சில் ஷாஃப்ட்டையும் உருவி, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, கிரவுன் பினியன் பொருந்தியிருக்கும் டிஃபரன்ஷியலை முன்பக்கமாக இறக்க வேண்டும். பாகம் வரும்வரை வண்டி பிரித்தபடியே கிடக்கும். அதனால் வெளியிலிருந்தே எண்ணுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊரில் சமதரை கிடைப்பதே பெரிய காரியம். தெருக்கோடி சர்ச் வாசலில் சிமெண்ட் தரை இருக்கிறது, கேட்டு வாங்கினோம். இந்த வேலையில் ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும், அது பின்சக்கரத்தைத்தானே பிடிக்கிறது. ஆகவே முன்சக்கரம் இரண்டுக்கும், முன்னும் பின்னும், சில்வர் ஓக் கட்டைகளை இறுக்கி வைத்தேன். இடது பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங்குக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது.

சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினேன். புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டேகால் சுற்றுதான் வந்தது. அப்படி ஒரு விகிதமே இல்லையே என்று பதறி அண்ணனைக் கூப்பிட்டேன். "ஒரு சக்கரம் தரையில நிக்குதுல்ல? தூக்கின சக்கரம் ரெண்டு சுத்து வந்தாத்தான் கிரவுன் ஒரு சுத்து" என்றார். அப்படியானால் நாலரை. ஆனால் 4.22க்கும் 4.55க்கும் நடுவே இருப்பது மூன்றில் ஒரு சுற்று. மூட்டுகளில் ஆட்டம் உள்ள பழைய வண்டியில் கண் அளவுக்கு அது போதாது.

அப்புறம்தான் வழி பிடிபட்டது. இரண்டு செட்டிலும் பினியனுக்கு 9 பல். கிரவுன் 9 சுற்று வந்தால் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே கிரவுனின் பல் எண்ணிக்கை! அதற்குச் சக்கரம் 18 சுற்று வர வேண்டும். டயரிலும் மட்கார்டிலும் சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட்டில் ஒரு கோடு, நேர் மேலே தரைத்தகட்டில் ஒரு கோடு. தம்பி மகள் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் சத்தமாக எண்ண, நான் கீழே படுத்து ஷாஃப்ட்டை எண்ணினேன். முப்பத்தெட்டு தாண்டியது. அவள் "பதினெட்டு" என்று நிறுத்தியபோது எனக்கு 41. ஷாஃப்ட்டின் வெள்ளைக்கோடு தகட்டுக் கோட்டுக்கு நேர் கீழே, விரல் தடிமன்கூட விலகாமல் நின்றது. திருப்பிச் சுற்றியும் பார்த்தோம். அதே 41.

38க்கே மாறிவிடலாமே, சமவெளியில் எஞ்சின் அலறாது என்றார் அண்ணன். நான் வேண்டாம் என்றேன். இந்த வண்டி வாரம் தவறாமல் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் கிடைக்கும் இழுவை எனக்கு வேண்டும். 9/41 செட்டே வரவழைத்தேன். பழையதைக் கழற்றிய அன்று அண்ணன் கிரவுனின் விளிம்பை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். கறுப்பு எண்ணெய்க்கு அடியில் 9/41 என்று பொறித்திருந்தது.