பசங்க எப்போ வருவாங்க?

ஜனவரி 26. ஒஸ்லோவில் காலை ஆறு மணி, வெளியே கும்மிருட்டு. நம்ம ஊரில் அப்போது பத்தரை, டில்லி அணிவகுப்பு தொடங்கும் நேரம். தூங்கிக்கொண்டிருந்த மகனைப் போர்வையோடு தூக்கி வந்து டிவி முன்னால் உட்காரவைத்தேன். டாங்கி போனது, ஒட்டகப் படை போனது, ஊர்திகள் வரிசையாகப் போயின. பொறுமையாகப் பார்த்தவன் திரும்பிக் கேட்டான்: "அம்மா, பசங்க எப்போ வருவாங்க?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவனுக்குத் தெரிந்த தேசிய நாள் மே 17தானே. 1814-இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் நார்வேயின் அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்ட நாள் அது. அன்றைக்குத் தெரு முழுக்கப் பிள்ளைகளுக்குத்தான். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, பேண்டு முழங்க, "ஹுர்ரா" என்று கத்திக்கொண்டே கார்ல் யோஹான் தெரு வழியாக அரண்மனைக்குப் போவார்கள். ராஜா குடும்பத்தோடு மாடத்தில் நின்று அத்தனை பேருக்கும் கையசைப்பார். 1870-இல் பையன்கள் மட்டும் நடந்த ஊர்வலம் இது. பெண் பிள்ளைகள் 1889-இல்தான் சேர்ந்தார்கள். பெண்களெல்லாம் பூனாட் என்ற பாரம்பரிய உடை உடுத்தி வருவார்கள். வட்டாரத்துக்கு ஒரு தினுசு, பாட்டியுடையது பேத்திக்கு வரும். நான் பட்டுப்புடவை கட்டி, மேலே கோட்டு மாட்டிக்கொள்வேன். மே மாதக் குளிரை நம்ப முடியாது. அன்று ஐஸ்கிரீமுக்குக் கணக்கே கிடையாது. எந்த அம்மாவும் "போதும்டா" என்று சொல்ல மாட்டாள்.

எங்கள் குடியிருப்பில் எண்பதுகளில் வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். இந்தப் பக்கத்துப் பள்ளி ஊர்வலத்தை முதன்முதலாகப் பார்த்த நாளைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "சின்னப் பிள்ளையள்தான் போகுதுகள். ஆமிக்காரரும் இல்லை, துவக்கும் (துப்பாக்கியும்) இல்லை. றோட்டில நிண்டு அழுதிட்டன் தங்கச்சி." அதைக் கேட்ட பிறகு அந்த ஊர்வலத்தை என்னால் வெறும் வேடிக்கையாகப் பார்க்க முடியவில்லை.

சரி, இந்த ஊர் பழகிவிட்டது, மே 17 எங்கள் நாளும் ஆகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடம் சொல்கிறேன். ஆனால் பேண்டு சத்தம் கேட்டாலே மனசு கும்பகோணம் பக்கத்தில் எங்கள் பள்ளி மைதானத்துக்கு ஓடிவிடுகிறது. சென்னைக் கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவதை டிவியில் பார்ப்பது தாத்தாவின் வேலை. எங்களுக்குச் சுதந்திர தினம் என்றால் அந்த மைதானம்தான். முதல் நாள் ராத்திரியே சட்டைக்கு நீலம் போட்டு இஸ்திரி ஆகிவிடும். கேன்வாஸ் ஷூவுக்கு சாக்பீஸ் தேய்ப்போம். காலையில் காகிதக் கொடியை ஊக்கில் குத்திக்கொண்டு போனால், பி.டி. சார் பெஞ்சு மேல் கொடியை விரித்து வைத்திருப்பார். நடுவில் ரோஜா இதழ், உதிர்த்த செவ்வந்தி. நாலாய் மடித்து, சுருட்டி, கயிற்றால் ஒரு சுருக்கு முடிச்சு. இறுக்கினால் மேலே போய் அவிழாது. தளர்ந்தால் பாதி வழியிலேயே பூ கொட்டிவிடும். தலைமையாசிரியர் கயிற்றை இழுக்கும்போது மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும். முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியதும் எழும் அந்தக் கைதட்டல்! அப்புறம் ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். அதை வாங்க வரிசையில் நின்ற சந்தோஷம் அப்படியே நினைவிருக்கிறது.

ஆக, பசங்க நம்ம ஊரிலும் வந்தார்கள். ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி, கேமரா எட்டாத மைதானங்களில் வந்தார்கள். அதை என் மகன் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இங்கே ஆகஸ்ட் 15 சாதாரண நாள். தூதரகத்தில் காலையிலேயே கொடியேற்றிவிடுவார்கள். வேலை நாளாகப் போனால் பிள்ளையோடு ஓடிப் போய்த் திரும்ப முடிவதில்லை.

அதனால் இந்த வருடம் அதையொட்டி வரும் சனிக்கிழமை, குடியிருப்புக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் பிள்ளைகளை நடக்கவிடப் போகிறோம். தமிழ்ப் பிள்ளைகள், நார்வே பிள்ளைகள், யார் வந்தாலும் சரி. வடை அக்காவின் பொறுப்பு. ஆரஞ்சு மிட்டாயை அம்மா பார்சலில் போட்டுவிட்டாள். முடிச்சு போட அப்பா வீடியோ காலில் என் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். துண்டை மடித்து, உள்ளே காகிதத் துணுக்கு வைத்து, படிக்கட்டுக் கைப்பிடியில் கட்டி இழுத்துப் பார்க்கிறான். நேற்றைக்கு ஒரு தடவை சரியாக அவிழ்ந்தது.