பேட்ச் ஆண்டெனா ப்ராஜெக்ட் எடுத்திருப்பவர்கள் கெயினையும் பாருங்கள்

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு பஸ்ஸில் போய் இசிஇ படித்தேன். கடைசி வருட ப்ராஜெக்ட் 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோஸ்ட்ரிப் பேட்ச், அதாவது போர்டின் மேல் செம்புத் தகடாக வரையும் தட்டையான ஆண்டெனா. 1.6 மி.மீ. எஃப்ஆர்4 போர்டில் (வழக்கமான கண்ணாடியிழை சர்க்யூட் போர்டு) 37க்கு 29 மி.மீ. அளவில் வரைந்தால், எஸ்11 (ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் சக்தியின் அளவு) மைனஸ் 10 டிபிக்குக் கீழே இருக்கும் அகலம், அதாவது பேண்ட்விட்த், 60 மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான் வருகிறது. வைஃபைக்கு 2400 முதல் 2483.5 வரை வேண்டும், அதாவது 83.5.

போர்டின் பின்பக்கச் செம்புத் தளமான கிரவுண்ட் பிளேனைப் பாதி வெட்டிப் பார்த்தேன், அகலம் பல மடங்கானது. கன்னியக்கோயில் தாண்டும் வரை போனில் அந்த கிராஃபையே பார்த்துக்கொண்டு போனேன். ரிவ்யூவில் சார் கேட்டது ஒரே கேள்வி: "50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் இதைவிட நல்ல கிராஃப் வரும்ப்பா, அது ஆண்டெனாவா?" ரெசிஸ்டர் சக்தியைத் திருப்பி அனுப்பாது, வெப்பமாக்கிவிடும், அவ்வளவுதான். எந்தத் திசையில் எவ்வளவு போகிறது என்று காட்டும் பேட்டர்னைத் திறந்து பார்த்தால் பின்பக்கமும் முன்பக்கத்துக்குச் சமமாகக் கதிர்வீச்சு போகிறது, கெயின் (ஒரு திசையில் எவ்வளவு பலமாக அனுப்புகிறது என்பது) விழுந்துவிட்டது.

அன்றுதான் க்யூ ஃபேக்டரை (தேங்கும் ஆற்றலுக்கும் இழக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதம்) ஒழுங்காகப் படித்தேன். க்யூ குறைந்தால் பேண்ட்விட்த் கூடும், ஆனால் அது எதனால் குறைகிறது என்று பார்க்க வேண்டும். எஃப்ஆர்4-இன் லாஸ் டான்ஜென்ட் (பொருளுக்குள் சக்தி வீணாவதைச் சொல்லும் எண்) 0.02 அளவு, அதில் சக்தி வெப்பமாகப் போனாலும் கிராஃப் அகலமாகவே தெரியும். கதிர்வீச்சு கூடி க்யூ குறைவதுதான் நமக்கு வேண்டியது, அதற்கு பேட்சுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் இருக்கும் சப்ஸ்ட்ரேட்டின் உயரத்தைக் கூட்டி, அதன் பர்மிட்டிவிட்டியை (மின்புல ஆற்றலைத் தேக்கும் தன்மை) குறைக்க வேண்டும்.

அதனால் போர்டை விட்டுவிட்டு 10 மி.மீ. காற்று இடைவெளிக்குப் போனேன், பேட்ச் நீளம் 47 மி.மீ. பக்கம் வந்தது. அவ்வளவு உயரத்தில் பேட்சுக்கு சிக்னல் கொண்டுபோகும் ப்ரோப் பின்னும் நீளமாகி இண்டக்டன்ஸ் சேர்ந்து மேட்சிங்கைக் கெடுக்கும். 1995இல் ஹுயின், லீ என்ற ஆய்வாளர்கள் காட்டிய யூ-ஸ்லாட் (பேட்சில் வெட்டும் யூ வடிவப் பிளவு) இங்கேதான் கைகொடுக்கிறது: ஸ்லாட் தரும் கெப்பாசிட்டன்ஸ் அந்த இண்டக்டன்ஸைச் சரிக்கட்டும், கூடவே பக்கத்தில் இன்னொரு ரெசொனன்ஸும் சேரும். சிமுலேஷனில் பேண்ட்விட்த் 300 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியது, கெயின் 8 டிபிஐ அருகே நின்றது.

வைவாவுக்கு எஸ்11 கிராஃபோடு நிற்காமல் 2400, 2442, 2483 மூன்றிலும் கெயின், எஃபிஷியன்சி, பேட்டர்ன் எடுத்து வையுங்கள். அப்புறம், செய்து முடித்த ஆண்டெனாவை விஎன்ஏவில் (எஸ்11 அளக்கும் கருவி) மாட்டுவதற்கு முன்னால் நான்கு மூலையிலும் ஸ்பேசர் உயரத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள், தகடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே ஃப்ரீக்வென்சி நகர்ந்துவிடும்.